கிணத்துப் பங்கு

நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்குமே சட்டம் படிக்கிற யோசனை ஒருநாளும் இருந்ததில்லை. கலைப்பீடத்தில் ஓர் ஒப்படைக்காகத்தான் சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கின் தீர்ப்பை எடுத்தோம். உண்மையைச் சொன்னால் புள்ளிக்காகத்தான். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீடு சுன்னாகத்தில் இருப்பது ஒரு வசதியாகப் பட்டது. நேர்காணலுக்கு ஆள் தேடி அலையத் தேவையில்லை.

2015இல் நாங்கள் பள்ளிக்கூடச் சின்னப் பிள்ளைகள். ஒழுங்கை முகப்புகளில் கறுப்புத் தாங்கிகள் வைத்ததும், பவுசர் வந்தால் வாளியோடு ஓடினதும் ஞாபகம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணிக்குக் கிட்ட நெருப்புக்குச்சி கொண்டுபோனால் பத்திப்போடும் என்று எங்களில் ஒருவன் நீண்ட நாள் நம்பிக்கொண்டிருந்தான். அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, கிணறுகளுக்கு வந்துவிட்டது என்பதுதான் விஷயம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கும், அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் துவாரமும். மழை இறங்குகிற வழியால்தான் எண்ணெயும் இறங்கும். கடல் மட்டம் ஏறினால் உப்பும் அதே கல்லுக்குள்தான் வரும். இதெல்லாம் புவியியல் படிக்கிற நண்பன் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது.

தீர்ப்பு ஆங்கிலத்தில், நல்ல நீளம். வழக்கு இலக்கம் எஸ்.சி. எஃப்.ஆர். 141/2015. தீர்ப்பு வந்தது 2019 ஏப்ரல் 4. பதினேழு நாள் கழித்து உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. பிறகு யார் கிணற்றைப் பற்றிப் பேசப் போகிறார்கள்? எங்கள் வீடுகளிலும் ஒருவரும் பேசவில்லை.

மனுதாரரின் பெயரைப் பார்த்து முதலில் கொஞ்சம் திகைத்தோம். ரவீந்திர காரியவசம், தென்னிலங்கைச் சுற்றாடல் செயற்பாட்டாளர். எங்கட தண்ணிக்காகக் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் அவர். இங்கேயும் சனம் சும்மா இருக்கவில்லை, மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. ஆனால் எங்கட தலைமுறையில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது.

தண்ணீரைக் கெடுத்ததற்காக அந்தத் தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்றது மன்றம். மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கை. கண்காணிக்க வேண்டிய அரச அமைப்புகளின் தவறையும் எழுதியிருக்கிறது. எங்களை நிற்பாட்டி யோசிக்க வைத்தது வேறொன்று. எந்த உரிமை மீறப்பட்டது என்று தேடினால், வருவது 12(1)ஆம் உறுப்புரை. அது சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பதைச் சொல்வது. தண்ணீர் உரிமை என்று எங்கட அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுக்குள் ஒரு வரி இல்லை. உயிர்வாழும் உரிமையும் வெளிப்படையாக இல்லை. சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று 27(14) சொல்கிறது, நல்ல வசனம். ஆனால் அந்த அத்தியாயத்தை வைத்து நேரடியாக வழக்குப் போட ஏலாது என்று இரண்டு உறுப்புரை தள்ளி 29 சொல்லிவிடுகிறது. அதனால் சட்டத்தரணிகள் சமத்துவம் என்ற வாசலால் சுத்தி உள்ளே வரவேண்டியிருக்கிறது. எப்பாவல பொஸ்பேற்று வழக்கிலும் 2000ஆம் ஆண்டில் விவசாயிகள் ஏறக்குறைய இந்த வழியால்தான் வந்து வென்றார்கள். அதோடு, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. நிலத்துக்குள் இறங்குகிற எண்ணெய் மாதக்கணக்கா பார்க்கும்?

இதையெல்லாம் தமிழில் குறித்துக்கொண்டு அம்மம்மாவிடம் போனோம். பிளேன்ரீயும் பனங்கட்டியும் தந்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. 2 கோடியை நாங்களே ஒரு கணக்குக்கு 500 வீட்டுக்குப் பிரித்துக் காட்டினோம்: வீட்டுக்கு 40,000.

"அது சரி பிள்ளையள். இப்ப இந்தக் கிணத்தில குடிக்கலாமோ, ஏலாதோ?"

எங்களிடம் பதில் இல்லை. இழப்பீடு, உறுப்புரை, கொள்கை எல்லாம் கொப்பியில் இருந்தது. அது மட்டும் இல்லை.

அம்மம்மா எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து காணி உறுதியைக் கொண்டுவந்தா. மடிப்பில் கிழியத் தொடங்கின பழைய தாள். காணியின் நாலு எல்லையும் எழுதி, கடைசியில் கிணற்றில் பங்கும், தண்ணி அள்ளும் உரிமையும், அதற்குப் போய்வரும் வழியும் என்று எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறுகளுக்கு இது வழமைதான், நாங்கள்தான் ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை. அரசியலமைப்பில் நாங்கள் தேடிக் காணாத வசனத்தை ஒரு நொத்தாரிசு சாதாரணமாக எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அள்ள விடாவிட்டால் இந்தத் தாளோடு வழக்குப் போடலாம். தண்ணியே கெட்டுப்போனால் இதில் ஒன்றும் இல்லை.

ஒப்படையைக் கொடுத்துவிட்டோம். புள்ளி பரவாயில்லை. ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. அதனால் 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த ஒழுங்கைக் கிணறுகளின் கடைசிப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு அரச அலுவலகம் ஒன்றில் விண்ணப்பம் கொடுத்தோம். கிடைத்ததாகத் துண்டு தரச் சொன்னதற்கு, "தம்பி, கம்பஸ் பிள்ளையளுக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்டார்கள். சட்டப்படி தரவேண்டும் என்று மெதுவாகச் சொன்னோம். தந்தார்கள். முடிவு சொல்ல 14 வேலை நாள். அது போய் ஒரு கிழமையாகிவிட்டது, பதில் இல்லை. அடுத்தது மேன்முறையீடு.

போன சனிக்கிழமை அதை எழுதுவதற்கு அம்மம்மா வீட்டு விறாந்தையில் கூடினோம். அவ கிணற்றடியில் வாழைக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நின்றா. வாழைக்கு மட்டும்தான் அந்தத் தண்ணி, சமையலுக்கு இன்னும் வாங்குகிற தண்ணிதான். கை துடைத்துக்கொண்டு வந்து, யார் பெயரில் எழுதுகிறீர்கள் என்று கேட்டா. எங்களில் ஒருவன்தான் விண்ணப்பக்காரன், அவன் பெயரில்தான் எழுதலாம் என்றோம்.

"அப்ப என்ர பேரிலயும் புதுசா ஒண்டு எழுதுங்கோ. உறுதி என்ர பேரிலதானே கிடக்கு."

இரண்டையும் எழுதினோம். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.