புகையைத் தாங்கியவர்

உணவைச் சமைத்துக் கொண்டுவந்து வைக்கும் பணியாளனைத் தம்முடன் அமர்த்தி உண்ணச் செய்ய வேண்டும் என்றும், உணவு குறைவாக இருப்பின் ஓரிரு கவளங்களையேனும் அவன் கையில் கொடுக்க வேண்டும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். அடுப்பின் வெப்பத்தையும் புகையையும் தாங்கியவன் அவன் என்பதே அவர்கள் காட்டிய காரணம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெற்றிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக இதை மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்வேன். வினைச்சொல்லின் வடிவத்தை விளக்குவேன். ஆனால் எத்தனையோ திருமண விருந்துகளில் "ஹஜ்ரத்" என்று முதல் வரிசையில் அமர்த்தப்பட்டு, பொறுக்கி எடுத்த கறித்துண்டுகளை உண்ட நான், சமைத்தவர் எங்கே உண்டார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 2020ஆம் ஆண்டின் கோடைதான் என்னைக் கேட்க வைத்தது.

ஆவடியில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெருக்கள் தள்ளி ஒரு பண்டாரி பாய் இருக்கிறார். வயது அறுபதை ஒட்டியிருக்கும். அம்பத்தூர் முதல் பூவிருந்தவல்லி வரை நடைபெறும் திருமணங்களில் பாதிக்கு மேல் அவர் கைமணந்தான். ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் அவர் பொறுப்பே. என் மகளின் நிக்காஹ் அவ்வாண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் நடப்பதாக இருந்தது. இருபது படி பிரியாணிக்குச் சொல்லி, பதினைந்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன். என் வருவாய்க்கு அது மீறிய விருந்து. மீதியைக் கடன் வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. நிக்காஹ் நின்றது. மதரஸா மூடப்பட்டது, நன்கொடை குறைந்ததால் ஊதியமும் பாதியாயிற்று. பண்டாரி பாயோ முன்பணத்தைச் செப்புத் தேக்சாக்களுக்கு ஈயம் பூசுவதற்கும், சவுக்கு விறகு இறக்குவதற்கும் செலவிட்டுவிட்டார். அந்தப் பணத்தை நேரில் கேட்க எனக்குக் கூச்சம். ஆகவே ஒரு மாணவனை அழைத்து, "பாய் நலமாக இருக்கிறாரா என்று பார்த்து வா" என்று அனுப்பினேன். நலம் விசாரிப்பு என்னும் போர்வைக்குள் நான் ஒளித்து அனுப்பிய கேள்வி என்ன என்பதை அவர் உடனே புரிந்துகொண்டார்.

ரமலானின் இரண்டாவது வாரம். சுபுஹு தொழுகைக்குப் பின் வாசலில் மிதிவண்டி மணி ஒலித்தது. பாய் நின்றிருந்தார். கேரியரில் ஈரச்சாக்கு சுற்றிய கீரைக்கட்டுகள். ஐந்நூறு ரூபாயை மடித்து நீட்டினார்.

"ஹஜ்ரத், இது உங்க அமானத்து. மிச்சமும் வாராவாரம் வந்துடும், இன்ஷா அல்லாஹ். இந்தச் சிறுகீரை மட்டும் கணக்குல சேராது, வீட்டுல குடுங்க."

நான் வாங்கிக்கொண்டேன். "இப்போது வேண்டாம் பாய்" என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அந்த வாரத்து அரிசிக்கு அந்தப் பணம் எனக்குத் தேவைப்பட்டது.

அந்த மிதிவண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1949இல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் கூட்டாகத் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், அம்பத்தூரில் மிதிவண்டி செய்யத் தொடங்கியதை நம் வட்டாரத்தார் அறிவர். பாயின் தந்தையார் அத்தொழிற்சாலைத் தொழிலாளி; அவர் தவணையில் வாங்கிய ஹெர்குலிஸ் வண்டி அது. மகன் பண்டாரியானதும் தேக்சாக்கள் குட்டி யானையில் ஏறின. மிதிவண்டி பரணில் ஏறிற்று. கல்யாணம் நின்ற கோடையில் அவரே அதை இறக்கி, செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, டயரும் டியூபும் மாற்றி, ஓவராயில் செய்துவிட்டார்.

முதலில் விற்றது சொந்தத் தோட்டத்துக் கீரையை. தேக்சாக்களைக் கவிழ்த்து வைக்கும் கொல்லைப்புறத்தில், ஊரடங்கின் முதல் வாரத்திலேயே மண்ணைக் கொத்திப் பாத்தி பிடித்திருந்தார். அடுப்புச் சாம்பல், வெங்காயத் தோல், அரிசி கழுவிய நீர் எல்லாம் அதற்கே போயின. சிறுகீரை ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வந்தது. அரைக்கீரை, கிள்ளக் கிள்ளத் துளிர்த்தது. சமையலுக்கு ஆய்ந்தபின் எஞ்சும் புதினாத் தண்டுகளை ஈரமண்ணில் செருகினார். அவை வேர்பிடித்துப் படர்ந்தன. "நாப்பது வருசமா புதினாவைக் கட்டுக் கட்டா ஆய்ஞ்சு போட்டிருக்கேன் ஹஜ்ரத். அது எப்படி வேர் விடுதுன்னு இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார்.

மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையில் நோய் பரவி, 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. சில நாட்களில் காய்கறி மொத்த வணிகம் பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டது. பாய் அங்கும் போகலானார். சஹர் முடித்து, சுபுஹு தொழுது, மிதிவண்டியை எடுப்பார். பருத்திப்பட்டு ஏரிக்கரை, காடுவெட்டியில் கூவம் பாலம், சென்னீர்குப்பம், கரையான்சாவடி எனப் பூவிருந்தவல்லியைக் கடந்து அப்பாலும் மிதிப்பார். சந்தைக்கு வெளியே சில்லறை வணிகர்கள் மூட்டை பிரித்துப் பங்கிட, தம் பங்கைக் கேரியரில் கட்டித் திரும்புவார். போக மட்டும் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல். அக்கினி நட்சத்திர வெயில் ஏறுமுன் எங்கள் தெருவில் அவர் மணி கேட்கும். நோன்பாளியின் உதடுகள் காய்ந்திருக்கும். முகம் மட்டும் காய்ந்ததில்லை.

அவ்வாண்டு பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சவில்லை. அரசு ஆண்டுதோறும் கஞ்சிக்காக வழங்கும் பச்சரிசி வீடுகளுக்கே பங்கிட்டு அளிக்கப்பட்டது. அஸருக்குப் பின் கஞ்சிக்கிண்டும் கை சும்மா இருக்குமா? பாய் வீட்டில் சிறு பானையில் காய்ச்சினார். முதல் நாள் உப்புக் கரித்தது, மறுநாள் அடிபிடித்தது. காரணத்தை அவரே விளக்கினார். பெரிய தேக்சாவில் உணவின் அளவை நோக்க, ஆவி வெளியேறும் வாயின் பரப்பு குறைவு. ஆகவே தண்ணீர் மெதுவாக வற்றும். கனத்த செம்பு, தீயை இழுத்த பின்னும் வெப்பத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும். சிறு பானையிலோ தண்ணீர் விரைந்து வற்றும். அடுப்பை அணைத்தால் சூடும் உடனே இறங்கும். இருபது படிக் கணக்கை இருபதால் வகுத்தால் ஒரு படிக் கணக்கு வருவதில்லை.

"ஆயிரம் பேருக்கு ஆக்கத் தெரியுது, பொண்டாட்டிக்கும் எனக்கும் ஆக்கத் தெரியலை" என்று சிரித்தார். பிறகு தணிந்த குரலில், "முப்பத்தஞ்சு வருசத்துல அவளுக்கு ஒருநாள்கூட நான் ஆக்கிப் போட்டதில்லை ஹஜ்ரத்" என்றார். அக்கோடையில் நாள்தோறும் ஆக்கிப் போட்டார்: கீரைக் கடைசல், பருப்பு, ரசம், வெந்தயமும் பூண்டும் இட்ட கஞ்சி. பானை வசமானபின் ஒரு தூக்குவாளிக் கஞ்சி அவர் மிதிவண்டியின் ஹேண்டில்பாரில் தொங்கியவாறு மஃரிபுக்கு முன் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நெய்யும் இறைச்சியும் இல்லாத அந்தக் கஞ்சியின் சுவை இன்னும் என் நாவில் நிற்கிறது.

ஆறு வாரங்கள் அவர் கொடுத்தார். ஆறு வாரங்களும் நான் வாங்கினேன். ஜூன் 19 முதல் மாத இறுதிவரை சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஊரடங்கு மீண்டும் கடுமையாயிற்று. வண்டிகள் கூடா, அருகிலுள்ள கடைக்கு நடந்தே செல்ல வேண்டும். மிதிவண்டி மணி ஓய்ந்தது. நான்கு நாட்கள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். பணத்துக்காகப் போனேனா, அவருக்காகப் போனேனா என்று கேட்டால் இன்றும் என்னால் நேராகப் பதில் சொல்ல இயலாது.

கொல்லையில் வெண்டை காய்த்திருந்தது. அதன் பக்கத்தில் தேக்சாக்கள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. புது ஈயம் வெயிலில் மின்னிற்று. பாயின் மனைவியார் கதவோரத்திலிருந்து சொன்னார்: "பெரிய தேக்சாவை எடைக்குப் போடப் போறாராம் ஹஜ்ரத். செம்பு வியாபாரி நாளைக்கு ஆளனுப்புறேன்னு சொல்லியிருக்காரு. உங்க பாக்கியைத் தீர்க்கணுமாம்."

என்னுள் ஏதோ முறிந்தது. ஒரு நலம் விசாரிப்பு என்று நான் எறிந்த கல், ஒரு மனிதரின் பிழைப்பை உடைக்கும் தூரம் வரை உருண்டு வந்திருக்கிறது! ஐந்து பிள்ளைகளை வளர்த்த பாத்திரத்தை, என் ஆடம்பரக் கணக்கின் மீதிக்காக அவர் நிறுத்து விற்க இருந்தார்.

"பாய், விற்காதீர்கள்" என்றேன். "என் மகளுக்கு நிக்காஹ் நடக்கத்தான் போகிறது. மீதி பன்னிரண்டாயிரத்துக்கு என்ன சமைக்க முடியுமோ, அதைச் சமைத்துக் கொடுங்கள். அதற்கு மேல் ஒரு காசும் நான் கடன் வாங்கப் போவதில்லை."

செப்டம்பரில் எங்கள் வீட்டிலேயே ஐம்பது பேருக்குள் நிக்காஹ் நடந்தது. மூன்று படி நெய்ச்சோறு, கத்தரிக்காயும் வாழைக்காயும் இட்ட தாளிச்சா, அளவான கறிக்குழம்பு. புதினாவும் வெண்டைக்காயும் அவர் தோட்டத்தவை. இலை குறைந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்று முதல் பந்தியில் என் பக்கத்தில் அமருமாறு பாயை அழைத்தேன். அவர் மறுத்துவிட்டார். "சமைச்சவன் கடைசியில உக்காந்தாத்தான் ஹஜ்ரத், யாருக்கும் குறையலைன்னு தெரியும்." அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆகவே நானும் பந்தியில் அமராமல் காத்திருந்தேன். எல்லாரும் உண்டு எழுந்தபின், விறகடுப்பின் அருகே பாய் விரித்து, தேக்சாவின் அடியில் எஞ்சிய காந்தல் சோற்றை ஒரே தட்டில் வைத்து இருவரும் உண்டோம். தணிந்த அடுப்பிலிருந்து புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. என் கண் கரித்தது. அவர் கண் பழகியிருந்தது.

இன்று அவருடைய தேக்சாக்கள் மீண்டும் ஊர் ஊராகச் செல்கின்றன. ஆனால் வியாழக்கிழமைகளில் மிதிவண்டி மணியும் கேட்கிறது; ஒரு கட்டுப் புதினா எங்கள் திண்ணைக்கு வந்து சேர்கிறது. ஆண்டுதோறும் பாடத்தில் அந்த நபிமொழி வரும்போது, "துகான்" என்னும் சொல்லில் சற்று நின்று விடுகிறேன். புகை என்பது அதன் பொருள். முன்பெல்லாம் அதை ஒரு நொடியில் சொல்லிக் கடந்துவிடுவேன். இப்போது மாணவர்களைப் பார்த்து, "நேற்று உங்களுக்குச் சமைத்தவர் எப்போது உண்டார்?" என்று கேட்கிறேன். அவர்கள் விழிக்கிறார்கள். வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்டு வரும்படி சொல்லி அனுப்புகிறேன்.