பேசின் பிரிட்ஜும் பிளாக்செயினும்

சென்ட்ரலில் கிளம்பும் எந்த ரயிலும் பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே பாதை பிரிகிறது. ஒன்று வியாசர்பாடி, பெரம்பூர் வழியாக அரக்கோணத்துக்கு, இன்னொன்று கொருக்குப்பேட்டை வழியாக கும்மிடிப்பூண்டிக்கு. அத்தனை ரயிலுக்கும் ஒரே தண்டவாளம்தான் என்றால்? முன்னால் நிற்பது நகரும் வரை பின்னால் வருவதெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். சிக்னலுக்காக நின்றே பழகிய வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம் :-)

சாதாரண பிளாக்செயின் அந்த ஒற்றைத் தண்டவாளம் மாதிரி. அது ஒரு கணக்குப் புத்தகம். பலரிடமும் நகல் இருக்கும், எழுதியதை யாரும் ரகசியமாகத் திருத்த முடியாது. ஆனால் எல்லாப் பதிவும் ஒரே வரிசையில்தான் ஏற வேண்டும். பிட்காயினில் ஒரு பிளாக்குக்குச் சராசரியாக 10 நிமிடம், நொடிக்குச் சுமார் 7 பரிவர்த்தனை. ஊர் முழுக்க ஓடும் வண்டிகளுக்கு இது எந்த மூலைக்கு?

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் வரும் ஒரு கன்டெய்னர் டிரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். இ-வே பில் ஒரு இடத்தில், ஃபாஸ்டேக் கட்டணம் ஒரு இடத்தில், துறைமுக கேட்டில் நுழைந்த நேரம் வேறொரு இடத்தில். பி.காம். மாணவர்களுக்குத் தெரிந்த பேங்க் ரீகன்சிலியேஷன் மாதிரி, கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒத்துப்பார்க்க வேண்டும். வண்டி லேட்டாக வந்ததா, கேட்டில் நிறுத்திவைத்தார்களா? ஹால்டிங் சார்ஜ் யார் தருவது? சண்டை இங்கேதான்.

இதற்குத்தான் கிராஃப் முறையைச் சொல்கிறார்கள். ஒற்றை வரிசைக்குப் பதில் கிளை பிரியும் வலை. ஐயோட்டா முதலில் கொண்டுவந்த 'டேங்கிள்' அமைப்பில் ஒவ்வொரு புதிய பதிவும் பழைய பதிவுகள் இரண்டைச் சரிபார்த்துவிட்டு உள்ளே வரும். கட்டணம் கிடையாது. பதிவுகள் கூடக் கூட சரிபார்ப்பவர்களும் கூடுவார்கள் என்பது கணக்கு. 2019ல் ஜாகுவார் லேண்ட் ரோவர் இதைச் சோதித்தது. சாலையின் பள்ளம், நெரிசல் பற்றி கார் தகவல் கொடுத்தால் அதற்கு நாணயம் கிடைக்கும். அதை வைத்து டோல், பார்க்கிங் கட்டலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2020 பிப்ரவரியில் ஐயோட்டா வாலட்டில் திருட்டு நடந்தது. உடனே அதன் நிறுவனம் 'கோஆர்டினேட்டர்' என்ற பகுதியை நிறுத்த, பரிவர்த்தனைகள் கிட்டத்தட்ட ஒரு மாதம் நின்றுபோயின. யாருக்கும் சொந்தமில்லை என்ற புத்தகத்துக்கும் ஒரு சுவிட்ச் இருந்திருக்கிறது! 2025ல் ஐயோட்டா தன் அமைப்பையே மாற்றி, வாலிடேட்டர்கள் சரிபார்க்கும் முறைக்குப் போய்விட்டது.

கப்பல் துறையிலும் ஒரு பாடம் உண்டு. மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018ல் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் பிளாக்செயினை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். உலகளவில் தேவையான ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். தொழில்நுட்பம் தோற்றதாக அவர்கள் சொல்லவில்லை.

ஆக, வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. பேனா யார் கையில் என்பதுதான் பிரச்சினை. கன்டெய்னர்களில் ஆர்எஃப்ஐடி டேக் மாட்டிக் கண்காணிக்கும் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் 2016ல் ஜேஎன்பிடி துறைமுகத்தில் தொடங்கி, பிறகு சென்னைப் பக்கமும் வந்தது. பெட்டி எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். கேட்டுக்கு வெளியே ராத்திரி முழுக்கத் தூங்காமல் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திய டிரைவரின் நேரத்தை யார் எழுதுவது? டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அந்த நேரம்தான் காசு.

கேட் மட்டுமே எழுதினால் ஒரு தரப்பின் கதை அழிக்க முடியாதபடி பதிவாகும், அவ்வளவுதான். தவறாக எழுதியதைச் சரியாக்கும் சக்தி எந்த பிளாக்செயினுக்கும் கிடையாது. வரிசையில் வந்து நின்ற நேரத்தை டிரைவரும் தன் போனிலிருந்து பதிய முடிந்து, கேட் பதிவோடு அதையும் ஒத்துப்பார்க்க முடிந்தால், அப்போது இந்தக் கிராஃப் வலைக்கு எண்ணூர் ரோட்டில் உண்மையிலேயே வேலை இருக்கிறது.