26ஆம் படிவத்தில் இல்லாத பத்தி

வேட்பாளரின் குணநலன் என்றவுடன் நமக்கு வழக்குகளும் சொத்துகளுமே நினைவுக்கு வருகின்றன. அதற்கு நியாயமும் உண்டு. குற்றப் பின்னணி, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மழுங்கடிக்கக் கட்சிகள் ஒன்றுகூடிக் கொண்டுவந்த சட்டப்பிரிவை 2003 மார்ச்சில் அதே நீதிமன்றம் செல்லாதென்றது. (கட்சிகள் அத்தனை ஒற்றுமையோடு இருந்த தருணங்கள் நம் வரலாற்றில் அரிது.) இன்று வேட்புமனுவோடு இணையும் 26ஆம் படிவத்தில் மனைவியின் நகை எவ்வளவு என்பது வரை நாம் படித்துவிடலாம்.

ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து பார்க்கையில் அப்படிவத்தில் ஒரு பத்தி குறைகிறது: சென்ற முறை சொன்னது என்னவாயிற்று?

2023 மே மாதம், இம்மலைத்தொடரின் வேலூர்ப் பக்கத்தில், அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. வாகனம் செல்லும் சாலை இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனைக்குப் பின் உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் பாதை முடிந்த இடத்தில் நின்றுவிட, மிச்ச மலையைத் தாய் குழந்தையைக் கையில் ஏந்தியே ஏறினாள். 1952 முதல் 2021 வரை சட்டமன்றத்துக்கு 16 பொதுத்தேர்தல்கள் நடந்திருந்தன.

சாலை ஏன் இல்லை என்றால் வனத்துறை தடுக்கிறது என்பதே வழக்கமான விடை. அது பாதி உண்மைதான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)இன்படி, கிராம சபை பரிந்துரைத்தால், சாலை உள்ளிட்ட பொதுவசதிகளுக்கு ஒவ்வொன்றிலும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. மூன்று மீட்டர் அகலம் என்று கணக்கிட்டால் 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். அதைவிட நீளமென்றால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும். நெடிய வழி, ஆனால் அடைத்த வழியன்று. அதில் கோப்போடு நடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கத்தான் சட்டமன்ற உறுப்பினரை அனுப்புகிறோம்.

அவர் நடக்காவிட்டால் என்ன செய்வது? தோற்கடிக்கலாம் என்பது சமவெளிக்காரரின் பதில். தமிழகத்தில் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே. ஜவ்வாது மலையோ கலசப்பாக்கம், அணைக்கட்டு, திருப்பத்தூர் எனப் பல தொகுதிகளில் துண்டுபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் மலைவாக்கு சிறுபான்மை. 2013இல் வந்த நோட்டாவும் எவரையும் வீழ்த்தாது. தன்னைத் தோற்கடிக்க இயலாத மக்களுக்கும் ஒருவர் கணக்குக் கொடுக்கிறாரா என்பதைத்தான் நாம் குணம் என்கிறோம். வழக்கே இல்லாத வேட்பாளரும் இதில் தேறாமல் போகலாம்.

எனவே ஜமுனாமரத்தூருக்கோ புதூர்நாட்டுக்கோ வாக்குக் கேட்டு வருபவரிடம் 'சாலை போடுவீரா?' என்று கேட்பதில் பயனில்லை. எவர்தான் மாட்டேன் என்பார்? கிராம சபைத் தீர்மானம் எந்தத் தேதியில் நிறைவேறியது, மாவட்ட வன அலுவலரிடம் மனு எப்போது போயிற்று, இன்று அது யாருடைய மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம்.