தோள்பட்டைத் தையல்

போன வருஷம் சித்திரையில் வெள்ளியங்கிரி ஏறினேன். பூண்டி அடிவாரத்தில் ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி, ஆண்டி சுனையைத் தாண்டும்போது மணி நாலு. ஏழாவது மலை உச்சியில் டிரைபாடை விரித்து வைத்துவிட்டு விடியலுக்குக் காத்திருந்தேன். ஏறும்போது வேர்வையில் ஊறியிருந்த பருத்தி டி-ஷர்ட், நின்ற பத்தாவது நிமிடத்தில் உடம்போடு ஒட்டிக்கொண்டு சில்லிட்டது. காற்று வேறு. கிழக்கே சமவெளியின் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்க, மேகத்தின் ஓரம் செம்பு நிறமாக மாறியது. அந்த வெளிச்சம் ஐந்து நிமிடம்கூட நிற்காது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப விரல்கள் வரவில்லை. பதினெட்டுப் படம் எடுத்தேன். ஒன்றுகூடத் துல்லியமாக இல்லை.

மலைப் படம் எடுக்கிறவர்கள் லென்ஸைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். உடம்பு குளிரில் நடுங்கினால் எந்த லென்ஸாலும் பயனில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு நான் போட்டிருந்தது திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய துணி. துணியில் குறையில்லை, எதற்கு எது என்று கேட்டு வாங்காதது என் தவறு. அதனால் இந்த மாசியில், மலைக்குப் போகும் முன் காதர்பேட்டைக்குப் போனேன். கேட்பதற்காகவே போனேன்.

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சந்து சந்தாகக் கடைகள். கடைக்கு வெளியே ஆள் உயரத்துக்கு பனியன் கட்டுகள். ஏற்றுமதிக்குத் தைத்து, ஆர்டர் ரத்தானதாலோ, சாயம் ஒரு சாயல் மாறியதாலோ, அளவு அரை இஞ்ச் தப்பியதாலோ கப்பல் ஏறாமல் நின்றவை இங்கே வருகின்றன. கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று பல ஊர் வியாபாரிகள் வந்து எடுத்துப் போகிறார்கள். கட்டுப் பிரித்ததும் தரம் பிரிக்கிற வேலை தொடங்கும். நான் உட்கார்ந்த கடையில் அதைச் செய்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு பீஸை எடுத்து உதறி, டியூப் லைட்டுக்கு எதிரே விரித்து ஊசி ஓட்டை பார்க்கிறார். அக்குளில் தையல் பிரிந்திருக்கிறதா என்று இரண்டு விரலால் இழுக்கிறார். எண்ணெய்க் கறைக்கு முதுகுப் பக்கம் புரட்டுகிறார். இடது பக்கம் நல்லது, வலது பக்கம் செகண்ட்ஸ். ஒரு பீஸுக்கு நாலைந்து நொடிதான். நான் பார்த்த ஒரு மணி நேரத்தில் ஒரு பீஸைக்கூட அவர் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை.

மலைக்கு என்றதும், "எந்த மலைக்குங்க?" என்றார்.

"வெள்ளியங்கிரிங்ண்ணா."

"அதுக்கு எதுக்குங்க கனமா? ஏறும்போது வேர்த்துக் கொட்டுமுங்க. மெல்லிசா பாலி ஒண்ணு போட்டுக்கங்க. காஞ்ச பீஸ் ஒண்ணு பைக்குள்ள இருக்கட்டும், மேல போயி மாத்திக்கங்க."

துணிப் பாடநூல் சொல்வதும் இதைத்தான். சாதாரண ஈரப்பதக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். வேர்வை பருத்தியில் தங்கும், பாலியில் தங்காமல் உலரும். ஆனால் லேபிள் வெட்டப்பட்ட குவியலில் எது பாலி, எது கலப்பு என்று எப்படித் தெரியும்? அவர் ஒரு பீஸின் ஓரத்திலிருந்து நூலை உருவி, தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். நூல் எரியாமல் சுருண்டு, உருகி, கறுப்பாக ஒரு மணியாகத் திரண்டது. ஆறியதும் என் உள்ளங்கையில் போட்டார். கடுகைவிடச் சின்னது, கல்லைப் போல் கெட்டி. அடுத்து பருத்தி நூல். காகிதம் எரிகிற வாடை. ஊதினால் பறக்கிற சாம்பல்.

அந்தக் கறுப்பு மணியை நான் சட்டென்று கீழே போடவில்லை. குரங்கணி நினைவுக்கு வந்தது. 2018 மார்ச் 11 அன்று அங்கே மலையேறப் போய்க் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள், எங்கள் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. அந்தத் தீயில் எந்தத் துணியும் யாரையும் காப்பாற்றியிருக்காது. ஆனாலும் உருகி உடம்பில் ஒட்டுகிற துணியைத் தீப்பொறிப் பக்கம் போடக்கூடாது என்பது மலை போகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டவ் பற்றவைக்கும்போது நான் இனி பருத்திதான் போடுவேன். இதை எனக்குச் சொல்லித்தந்தது ஒரு தீக்குச்சி.

இரண்டு பாலியும் ஒரு பருத்தியும் எடுத்தேன். பை வார் தோளில் உரசுவதைச் சொன்னதும், இரண்டு சந்து தள்ளி ஒரு பவர் டேபிள் தையல் கூடத்துக்கு அனுப்பினார். கேமரா, லென்ஸ், டிரைபாட், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் என் பை எட்டுக் கிலோ. ஐந்தாவது மலைக்குள் வாருக்கு அடியில் தோல் சிவந்துவிடும்.

அங்கே பத்துப் பதினைந்து மெஷின். ஓவர்லாக், சிங்கர், பேட்லாக் என்று வரிசை. காலை எட்டரைக்கு ஏறினால் ராத்திரி எட்டரைக்கு இறங்கும் ஒன்றரை ஷிப்ட். பேட்லாக் டெய்லர் என் பனியனைத் திருப்பிப் போட்டு, தோள்பட்டைத் தையலைக் கட்டை விரலால் தடவினார். "ஓவர்லாக் மேடு நிக்குதுங்க. அதுதான் அறுக்குது." மேட்டை ஒரு பக்கமாகப் படிய வைத்து, மேலே பேட்லாக் ஓட்டினார். நான் தடவிப் பார்த்தபோது தையல் இருந்த இடம் விரலுக்கு அகப்படவில்லை.

பையை மாட்டிக் காட்டச் சொன்னார். வார் எங்கே உட்காருகிறது என்று சுற்றி வந்து பார்த்தவர், கொஞ்ச நேரம் பேசவில்லை.

"முன்ன ஒரு கம்பெனியில இருக்கறப்ப ஒரு ஆர்டருங்க. தோள்பட்டைத் தையல் உச்சியில வராது. ரெண்டு இஞ்சு முன்னாடி எறங்கி வரும். பேட்டர்ன் அப்படித்தான் வந்துச்சு, தெச்சோம். ஆயிரக்கணக்கான பீஸு. எதுக்குன்னு யாரும் சொல்லலீங்க, நாங்களும் கேக்கலீங்க." வாரின் மேல் கை வைத்தார். "இதுக்குத்தானுங்களா!"

எனக்கு அங்கே மனசு கனத்தது. எங்கோ ஒரு மலையில் யாரோ ஒருவருடைய தோளைக் காப்பாற்றிய தையல் இவர் கையிலிருந்து போயிருக்கிறது. தைத்தவருக்கு அது மலைக்கு என்றே தெரியாது. சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லியிருக்க வேண்டும்.

டீ வந்தது. கேமராவில் போன வருஷப் படங்களைக் காட்டினேன். கைமடிக்கிற அக்கா எட்டிப் பார்த்து, "இது எங்கீங்க?" என்றார். வெள்ளியங்கிரி, இந்த மலைச்சரிவில்தான் நம்ம நொய்யல் பிறக்குது என்றேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் தெளியாத படத்தில் பாறை, பனி, புல், அவ்வளவுதான். அவர் அறிந்த நொய்யல் பாலத்துக்கு அடியில், அன்றன்றைய சாயத்தின் நிறத்தில் ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, சாயத் துணி வராமல் இவருக்கும் வேலை நின்றது. "தண்ணி இவ்ளோ சுத்தமாத்தான் கெளம்புதுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த முறை ஓடையையே எடுத்துவந்து காட்டுகிறேன் என்று சொன்னேன். உச்சியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த மலையில் எதைப் படம் எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

டெய்லர் பல வருஷமாக சித்ரா பௌர்ணமிக்கு மலை ஏறுகிறவர். வேட்டி, பனியன், மூங்கில் தடி. சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார். இந்த முறை பௌர்ணமி மே 1, வெள்ளிக்கிழமை.

"சனிக்கிழமைதானுங்க சம்பளம். ஒரு நாள் தள்ளிப் போலாமுங்களா?"

நிலா ஒரு நாள் தேய்ந்தால் படத்துக்கு ஒன்றும் குறையாது. போகலாம் என்றேன்.

"உங்க பைய நாந் தூக்கறனுங்க. தையல் எப்படி உக்காருதுன்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றவர், இரண்டாவது பனியனைத் திருப்பி ஊசிக்கு அடியில் வைத்தார்.