எலுமிச்சைக்கு வந்த விருந்தாளி

சிவகாசி வெயிலில் ஒரு செடியை ஆளாக்குவது, பிள்ளை வளர்ப்பது மாதிரிதான். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்த எலுமிச்சங்கன்று, ஒருநாள் காலையில் கொழுந்தெல்லாம் மொட்டையாக நின்றது! இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதோ. துடைக்கப் போனேன், நகர்ந்தது! பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு பச்சைப் புழு. தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கவை மாதிரி கொம்பை நீட்டிற்று. குப்பென்று ஒரு நெடி.

"மருந்தை அடிச்சு விடு" என்றார் அத்தை. கொழுந்தனார் காட்டுக்கு வாங்கியதில் மிச்சம் பரணில் இருந்தது. எடுத்தும் விட்டேன். முந்தின நாள்தான் என் மூன்று வயது மகள் அந்த இலையைக் கிள்ளி மென்றுகொண்டிருந்தாள். நினைத்ததும் கை நடுங்கிவிட்டது. டப்பாவை அன்றே திருப்பி அனுப்பினேன்.

புழுக்களைக் குச்சியால் எடுத்து, கோயில் வில்வ மரத்தில் விட்டேன். அதுவும் அவற்றுக்கு ஆகாரம்தான். எச்சம் மாதிரி இருப்பது குட்டிப் புழு, பறவையை ஏய்க்கிற வேஷம். வளர்ந்தால் பச்சை. ஒன்றை மட்டும் பாட்டிலில் இலையோடு வைத்து, வாயில் மெல்லிய துணி கட்டினேன். கூட்டுப்புழுவாகி ஒன்பதாம் நாள், கறுப்பும் மஞ்சளுமாய் எலுமிச்சை அழகி! மகள்தான் துணியை அவிழ்த்துப் பறக்க விட்டாள்.

கன்று மறுபடி துளிர்த்துவிட்டது. இப்போது தினமும் கொழுந்தைப் பார்க்கிறேன். கடுகளவு மஞ்சள் முட்டை தெரிந்தால், விரலால் வழித்துவிட்டால் போதும். கறிவேப்பிலைக்கும் இதே வைத்தியம்தான். குழந்தை இருக்கிற வீட்டில் விஷ மருந்து எதற்கு, சொல்லுங்கள்?