கைப்பிடியா, சக்கரமா?

ராசிங்காபுரத்தில் டில்லர் என்றால் உழவு யந்திரம். போடி மலையடிவாரத்துச் சிறு தோட்டங்களில் டிராக்டர் வளைந்து திரும்ப இடமிராது. பின்னால் நடந்தபடி இரு கைகளாலும் பிடித்து ஓட்டும் பவர் டில்லர்தான் அங்கே தோது. குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பகுதிக்கு ஆசிரியப் பணியின் பொருட்டு வந்த பிறகுதான், அதே சொல் படகு எஞ்சின் விற்கும் கடையிலும் புழங்குவதைக் கேட்டேன். வள்ளத்தின் பின்புறம் மாட்டும் எஞ்சினிலிருந்து முன்னோக்கி நீண்டிருக்கும் கைப்பிடிக்கு அங்கே அந்தப் பெயர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்று, வேர் வேறு. உழவு டில்லர் நிலத்தைப் பண்படுத்துவதிலிருந்து வந்தது. படகு டில்லரோ நெசவுத்தறியின் கட்டையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. (நாம் தமிழென்றே எண்ணிப் புழங்கும் 'சுக்கான்' அரபியிலிருந்து வந்தது. கடல் எல்லா மொழிகளிடமும் கடன் வாங்கியிருக்கிறது.)

வேர் வேறானாலும் இரண்டு டில்லர்களுக்கும் ஒரு குணம் பொது. இரண்டும் புதியவனை ஏமாற்றும். பவர் டில்லரில் இடக்கை விசையை அழுத்தினால் இடச்சக்கரத்துக்குப் போகும் விசை அறுபட்டு வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால் செங்குத்தான சரிவில் இறங்கும்போது விசை அறுபட்ட சக்கரம் கட்டற்று வேகமாக உருளும்; வண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். படகின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். மாபெரும் கப்பல்களில் சக்கரம் வந்த பின்னரும் மாலுமிகளின் கட்டளைமொழி நெடுங்காலம் இந்தக் கைப்பிடியின் கணக்கிலேயே இருந்தது. 1912இல் பனிப்பாறையைக் கண்டதும் டைட்டானிக்கின் அதிகாரி இட்ட கட்டளை வலப்பக்கத்தைச் சொன்னது. கப்பல் இடப்பக்கம் திரும்பியது. அதில் பிழை ஏதுமில்லை, வழக்கமே அதுதான். பிரிட்டிஷ் கப்பல்கள் அவ்வழக்கத்தைக் கைவிட்டது 1933இல்.

இவ்வளவையும் நான் தேடிப் படிக்கக் காரணம் என் மாணவன் ஒருவன். அவன் தந்தையாருக்கு ஐம்பத்தைந்து வயதுக்குமேல். ஃபைபர் வள்ளம், எஞ்சின் தேய்ந்து, 25 குதிரைத்திறனில் புதிதாக வாங்கவேண்டிய கட்டம். பல வருடங்களாகக் கைப்பிடியின் அதிர்வையும் இழுப்பையும் தாங்கியதில் அவருடைய வலத்தோள் கெட்டுவிட்டது. மகன் சொன்னான்: வள்ளத்தின் நடுவே ஒரு மேடை கட்டி, கார்போலச் சக்கரமும் பக்கத்தில் வேகநெம்புகோலும் வைத்து, கம்பிவடத்தால் எஞ்சினோடு இணைத்துவிடலாம். அப்பா இருக்கையில் அமர்ந்து நேரே பார்த்து ஓட்டட்டும். தந்தை சம்மதிக்கவில்லை. சில வாரங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்தது. கடைசியில் இருவரும், கடலைப் பற்றி ஒன்றும் அறியாத என்னிடம் வந்தார்கள். ஒன்றும் அறியாதவன் என்பதே தகுதியாகிவிட்டது போலும்.

தமிழிலக்கியம் படித்தவனுக்கு இத்தகைய சமயத்தில் ஓர் ஆபத்து உண்டு. உடனே வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நினைவுக்கு வந்துவிடும். வள்ளத்தை விற்க மறுக்கும் குரூஸ் மிக்கேல், கடலை விட்டு விலகி வாழ விரும்பும் மகன் செபஸ்தி, வள்ளங்களுக்கும் லாஞ்சுகளுக்கும் மூளும் பகை. உடனே தந்தையை மரபாகவும் மகனை நவீனமாகவும் நிறுத்திவைத்து, மரபின் பக்கம் கண்ணீர் சிந்தத் தோன்றும். ஆனால் இந்த மகன் கடலை விட்டுப் போக நினைக்கவில்லை. தகப்பனைக் கடலில் இன்னும் பத்து வருடம் வைத்திருக்க நினைக்கிறான். ஆகவே நாவலை ஒதுக்கிவிட்டு வள்ளத்தைப் பார்ப்பதே நேர்மை என்று தோன்றியது.

பார்த்தேன். சக்கரத்தின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. கைப்பிடி பிடிப்பவன் எஞ்சினோடு ஒட்டிப் பின்கோடியில் உட்கார்கிறான். அவன் எடையும் எஞ்சின் எடையும் சேர்ந்து பின்பகுதியை அமிழ்த்த, அணியம் மேலெழுந்து எதிரே இருப்பதை மறைக்கிறது. நடுவில் அமர்ந்தால் எடை பரவும், பார்வை தெளியும், தோளுக்கு ஓய்வு. சிறு கலத்தில் மனித உடலே ஒரு சரக்கு என்பதை எங்கள் தேனிப் பக்கத்தார் மறக்க இயலாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் மாண்டபோது, விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

ஆனால் வள்ளம் உல்லாசப் படகல்ல. மேடை கட்டினால் வலை போட்டு இழுக்கும் இடம் போயிற்று. நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் வலை சிக்கும். உப்புநீரில் கம்பிவடம் துருவேறி இறுகும். நடுக்கடலில் அது இறுகினால் சக்கரம் வெறும் அலங்காரம். இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றை நான் கரையில் நின்று கண்டேன். அங்கே துறைமுகமில்லை, மணலில் ஏற்றும் கரை. திரும்பியதும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து கொட்டகைக்கோ வீட்டுக்கோ கொண்டுபோகிறார்கள். கைப்பிடி எஞ்சின் என்றால் இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் முடிந்தது. சக்கரம் வைத்தால் நாள்தோறும் வடங்களையும் இணைப்புகளையும் அவிழ்த்துப் பூட்டவேண்டும். விற்பனைத் தாள்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவை படகுத்துறை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை.

தந்தையாரிடம் அவருடைய காரணத்தைக் கேட்டேன். "ரோட்டுல போறவனுக்கு முன்னால பாத்தா போதும் சார். எனக்குப் பொறத்தாலயும் பாக்கணும்" என்றார். அலைவாய்க்கரையைக் கடக்கும்போது பின்னால் எழும் அலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வள்ளத்தைத் திருப்புகிறார்கள். நீவாடு, அதாவது நீரோட்டம், மாறுவதை முதலில் அறிவது உள்ளங்கை என்கிறார். புரொப்பல்லர் நீரைக் கடிக்கிறதா, வழுக்குகிறதா, வலைக்கயிறு சுற்றப்போகிறதா எல்லாம் கைப்பிடி வழியே தெரியுமாம். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே நீண்ட வடம் அந்தச் செய்தியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

அவர் சொல்லாத காரணம் ஒன்றும் இருப்பதாக எனக்குப் பட்டது. சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினால் படகு இடப்பக்கம் போகும். மோட்டார் வாகனம் ஓட்டத் தெரிந்த எவனும் அரைநாளில் பழகிக்கொள்வான். எதிர்ப்பக்கமாகத் தள்ளும் கை பத்து வயதில் தொடங்கிப் பழகியது. நூல்களில் மீகான் என்று வருகிறவனுக்கு அந்தக் கையே உடைமை. போடிமெட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர்களிடம் இதே செருக்கைக் கண்டிருக்கிறேன். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருப்பினும் அதை முன்னிட்டு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கொட்டகைக்கும் கரைக்கும் இடையே தினமும் சுமக்கப்படும் அந்த எஞ்சினை முன்னிட்டே கைப்பிடி என்றேன்.

மகன் தோளைப் பற்றிக் கேட்டான். சரியான கேள்வி. மெக்கானிக் அதற்கு வழி சொன்னார். புரொப்பல்லர் சுழற்சியால் கைப்பிடி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும்; புரொப்பல்லருக்கு மேலே பொருத்திய சிறு தகட்டைக் கொஞ்சம் திருகி வைத்தால் இழுப்பு பெருமளவு தணியும். பழைய எஞ்சினில் அந்தத் தகடு உப்பில் இறுகிக் கோணலாகவே கிடந்திருக்கிறது. ஒரு தோளின் பாதிக் கதை அதில் இருந்தது.

மகன் இறங்கிவந்தான், ஒரு நிபந்தனையோடு. கைப்பிடி நழுவினால் எஞ்சின் வெடுக்கென ஒரு பக்கம் திரும்பும். பின்கோடியில் இருப்பவர் வெளியே தூக்கியெறியப்படுவார். ஆளற்ற வள்ளம் அவரைச் சுற்றியே வட்டமடிக்கும். அதற்காகத்தான் எஞ்சினோடு ஒரு சிவப்புச் சுருள்கயிறு தருகிறார்கள். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், ஆள் விழுந்ததும் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். பழைய கயிற்றை அவர் ஒருநாளும் கட்டியதில்லை. இனிக் கட்டவேண்டும் என்றான் மகன். அவர் பதில் சொல்லவில்லை. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாசல்நிலை ஆணியில் செபமாலையோடு அந்தச் சிவப்புக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. உப்புப் படிந்து நிறம் சற்றே வெளிறியிருந்தது.