எந்த வால்வு போடலாம்?

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் செல்போன் உதிரிகள், சிசிடிவி கேமராக்கள், எல்இடி பட்டைகள், சுருள் சுருளாகக் கேபிள்கள் என்று கண்ணில் படுவதெல்லாம் இந்த நூற்றாண்டின் சரக்கு. அந்தத் தெருவை ஒட்டிய சந்தில், ஒடுக்கமான படி ஏறிப் போனால் முதல் மாடியில் ஒரு பட்டறை இருக்கிறது. எழுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் அக்கா ஒருவர், பாலிடெக்னிக் முடித்த இளைஞர் ஒருவர் என்று மூன்று பேர் அங்கே, கண்ணாடிக் குடுவை வால்வுகளால் ஒலி சிக்னலைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்கிறார்கள். ஹெட்போனில் பாட்டுக் கேட்பவர்களுக்கான சிறிய ஆம்ப்ளிஃபயர்கள்தான் இப்போது அவர்களுக்கு அதிகம் வரும் வேலை.

படியேறி வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "எந்த வால்வு போட்டா நல்லா இருக்கும்?" பலர் வால்வு செய்த நிறுவனத்தின் பெயரை முடிவுசெய்துகொண்டே வருகிறார்கள். ஒருவருக்கு முல்லார்டு வேண்டும், இன்னொருவருக்கு டெலிஃபுங்கன். பெரியவர் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு வேறு கேள்விகளைக் கேட்கிறார். "ஹெட்போன் எத்தனை ஓம்ஸ்? சர்க்யூட் படம் இருக்கா? இப்ப அதுல என்ன வால்வு நிக்குது?" மூன்றுக்கும் பதில் வராமல் அவர் அலமாரியைத் திறப்பதில்லை. அந்தக் கேள்விகளின் வரிசையில்தான் அவருடைய தொழில் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது அங்கே உட்கார்ந்து பார்க்கப் பார்க்கப் புரிந்தது.

நான் போனபோது மேசைமேல் முடியும் தறுவாயில் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அலுமினியத் தட்டின் முன்பக்கம் சுண்டுவிரல் உயரத்துக்கு ஓர் இசிசி82 வால்வு. அதன் பின்னால் எட்டுக்கால் பேஸில் தடித்த 6080. உலகம் முழுதும் வீட்டிலேயே ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் செய்பவர்கள் விரும்பும் கூட்டணி இது. ஒவ்வொரு குடுவைக்குள்ளும் இரண்டு டிரையோடுகள், அதாவது தனித்தனியே இயங்கும் இரண்டு பாதிகள். ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. முன்னால் இருப்பது சிக்னலைப் பெருக்குகிறது. பின்னால் இருப்பது ஹெட்போனுக்குத் தேவையான கரன்ட்டைத் தருகிறது. 6080 பாட்டுக்காகப் பிறந்த வால்வு அல்ல. மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் பவர் சப்ளைகளுக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் பெருக்கம் வெறும் 2. ஆனால் தாராளமாகக் கரன்ட் தரும், உள் எதிர்ப்பும் குறைவு. அதனால்தான் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே அதனால் ஹெட்போனை ஓட்ட முடிகிறது.

ஓம்ஸ் கேள்வி ஏன் முதலில் வருகிறது என்று கேட்டேன். இளைஞர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு எதிர்ப்பு சுமார் 100 ஓம். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனை மாட்டினால், வரும் மின்னழுத்தத்தில் முக்கால் பங்கு ஹெட்போனுக்குப் போகிறது. செல்போனோடு பயன்படுத்தும் 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் கால் பங்குகூடப் போவதில்லை. அதோடு, அவ்வளவு கரன்ட்டைத் தர வால்வு திணறும், ஒலி கலங்கிப்போகும். "அந்த ஹெட்போனுக்கு இந்தச் செட்டே வேணாம்னு சொல்லி அனுப்பிருவோம். வேற வால்வு போட்டாலும் சரியாகாது" என்றார்.

அதே தாளில் இன்னொரு கணக்கும் இருந்தது. 300 ஓம் என்பது பெயரளவு எண்தான். இந்த வகை ஹெட்போனில் அடிநாதம் ஒலிக்கும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அது ஏறக்குறைய 500 ஓம் வரை ஏறுகிறது. அப்போது ஹெட்போனுக்குக் கிடைக்கும் பங்கும் கூடும். விளைவாக அந்தப் பகுதி மட்டும் கிட்டத்தட்ட 1 டெசிபல் உயர்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயரில் தவிலின் தொப்பிப் பக்கம் கனமாகக் கேட்கிறது என்று ரசிகர்கள் சொல்வதில் ஒரு பகுதிக்குக் காரணம் இதுதான். மாயம் என்று நாம் ஒதுக்கிவிடும் ஓர் அனுபவத்துக்கு எண்ணால் காரணம் காட்ட முடிகிறபோது அந்த அனுபவம் குறைந்துவிடுவதில்லை. அதை வேண்டியபோது வரவழைக்கவும் வேண்டாதபோது தவிர்க்கவும் வழி கிடைக்கிறது.

அடுத்தது பெருக்கம். அன்று வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் இசிசி82 இருக்கும் இடத்தில் இசிசி83 போட்டுத் தரச் சொன்னார். கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களால் புகழ்பெற்ற வால்வு அது. கால்களின் அமைப்பு ஒன்றுதான், ஃபிலமென்ட்டும் ஒன்றுதான், செருகினால் எரியும். பெரியவர் பொறுமையாக விளக்கினார். இசிசி82இன் பெருக்கம் 17, இசிசி83இனுடையது 100. இன்றைய கருவிகளிலிருந்து வரும் 2 வோல்ட் சிக்னலுக்கு அவ்வளவு பெருக்கம் தேவையே இல்லை. "வால்யூமை இத்துனூண்டு திருப்புறதுக்குள்ள காது அடைச்சுரும். இரைச்சலும் சேர்ந்து பெருகும்." அதைவிட முக்கியமானது கரன்ட். இசிசி82 ஏறக்குறைய 10 மில்லிஆம்பியரில் இயல்பாக உழைக்கும். இசிசி83க்கு ஏற்றது 1 மில்லிஆம்பியரை ஒட்டிய அளவு. ஒன்றுக்காகத் தேர்ந்த ரெசிஸ்டர்களோடு இன்னொன்றை உட்கார வைத்தால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. "பேஸ்ல உக்காருதுங்கிறதுக்காகப் போடக் கூடாது தம்பி. சர்க்யூட் அதைக் கேக்குதான்னு பாக்கணும்."

பேஸில் உட்கார்ந்தும் உயிரை விடும் வால்வுகள் உண்டு. இசிசி88 ஒன்பது கால் வால்வுதான். இசிசி82இன் பேஸில் சிக்கலில்லாமல் இறங்கும். ஆனால் இசிசி82க்கு 4, 5 ஆகிய கால்களுக்கு இடையே 12.6 வோல்ட், 9ஆம் கால் ஃபிலமென்ட்டின் நடுமுனை. இசிசி88க்கு அதே 4, 5 கால்களுக்கு 6.3 வோல்ட்தான், 9ஆம் கால் உள்ளேயிருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் போகிறது. 12.6 வோல்ட்டுக்கு இழுத்த பேஸில் அதைச் செருகினால் ஃபிலமென்ட் இரண்டு மடங்கு மின்னழுத்தத்தில் கருகும். 6.3 வோல்ட்டுக்கு இழுத்த பேஸில் செருகினால் எரியவே எரியாது. இதையெல்லாம் பெரியவர் புத்தகம் பார்க்காமல் சொல்கிறார். இளைஞர் ஒவ்வொன்றையும் டேட்டா ஷீட்டோடு ஒத்துப்பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறார்.

ஃபிலமென்ட் என்றதும் பேச்சு அக்காவிடம் போனது. சன்னலோரம் அவர் இடம். பாபினில் எனாமல் கம்பியைச் சுற்றி, அடுக்குக்கு அடுக்கு இன்சுலேஷன் காகிதம் வைத்து, கடைசியில் இ-ஐ தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி வார்னிஷில் முக்குகிறார். ஹை டென்ஷன் சுற்றுக்கு மெல்லிய கம்பி, ஃபிலமென்ட் சுற்றுக்குத் தடித்த கம்பி. 6080 ஒன்றே ஃபிலமென்ட்டுக்கு 2.5 ஆம்பியர் இழுக்கும். இசிசி82 6.3 வோல்ட் இணைப்பில் 0.3 ஆம்பியர். மொத்தம் 2.8. அவர் 4 ஆம்பியருக்குச் சுற்றுகிறார். "ராத்திரியெல்லாம் ஓடினாலும் கை வச்சா சுடக் கூடாது, அதான் கணக்கு" என்றார்.

அவருடைய காலடியில் கருகிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடந்தது. வேறு எங்கோ செய்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றியது. அதில் இரண்டு இசிசி88 இருந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் 0.365 ஆம்பியர். வாங்கியவர் அவற்றை எடுத்துவிட்டு, மலிவாகக் கிடைத்த ரஷ்ய 6என்1பி இரண்டைப் போட்டிருக்கிறார். அது தலைக்கு 0.6 ஆம்பியர் இழுக்கும். 0.73 ஆம்பியர் இருந்த இடத்தில் 1.2 ஆம்பியர். முதலிலேயே சிக்கனமாகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் தாங்கவில்லை. "வால்வு மாத்துறவங்க முதல்ல டிரான்ஸ்ஃபார்மர் சுத்துனவங்களக் கேக்கணும். யாரு கேக்குறாங்க?" இணையத்தில் வால்வுகளின் இனிமையைப் பற்றி எவ்வளவோ எழுதப்படுகிறது. இந்த அக்காவின் கேள்வியை நான் எங்கும் படித்ததில்லை.

இவ்வளவையும் தாண்டிய பிறகுதான் அலமாரி திறக்கிறது. அப்போதும் எடுத்த வால்வு நேரே ஆம்ப்ளிஃபயருக்குப் போவதில்லை. பெரியவரே செய்துவைத்திருக்கும் சோதனைப் பெட்டிக்குப் போகிறது. முதலில் கண்ணாடியைப் பார்க்கிறார். உச்சியில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு பேரியம். உள்ளே மிஞ்சும் வாயுவை உறிஞ்சிக்கொள்வது அதன் வேலை. அது பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வு குப்பைக்கு. பிறகு மீட்டர். இசிசி82 என்றால் பிளேட்டில் 250 வோல்ட், கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் மைனஸ் 8.5 வோல்ட். புது வால்வில் 10.5 மில்லிஆம்பியரை ஒட்டி முள் நிற்க வேண்டும். கிரிட்டை 1 வோல்ட் நகர்த்தினால் கரன்ட் 2.2 மில்லிஆம்பியர் அளவுக்கு நகர வேண்டும். முள் சோம்பலாக நகர்ந்தால் வால்வு தேய்ந்திருக்கிறது. ஒரு பாதியைப் பார்த்ததும் மறு பாதி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு காதுப் பக்கம் சாயும்.

சோதிக்கும்போது அவருடைய இடது கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. 250 வோல்ட் டிசி ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் நடுவே இதயம் இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கும். ஒரு ரெசிஸ்டரை வைத்து அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இளைஞருக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்த பாடம் இதுதானாம்.

கடைசிச் சோதனை ஹெட்போனை மாட்டிக்கொண்டு செய்வது. மண்பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல, பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டுகிறார். உள்ளே கிரிட் தளர்ந்திருந்தால் 'டிங்' என்ற ஒலி எழுந்து இழுத்துக்கொண்டே போகும். கேத்தோடுக்கும் ஃபிலமென்ட்டுக்கும் இடையே கசிவு இருந்தால் அடித்தொண்டையில் 'உம்ம்' என்று ஹம் வரும். ஸ்பீக்கரில் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு இதில் பாதி தெரியாது. ஹெட்போன் காதோடு ஒட்டியிருப்பது. எந்தக் குறையையும் மறைக்காது. ரேடியோவில் நன்றாகப் பாடிய வால்வை ஹெட்போனுக்கு ஆகாது என்று அவர் ஒதுக்கிவைப்பதைப் பார்த்தேன்.

அலமாரியில் பழைய அட்டைப் பெட்டிகள் நிறைய. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸின் பெட்டிகளை அவர் தனித் தட்டில் வைத்திருக்கிறார். 1954இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம், 1960களில் பிலிப்ஸ் தொழில்நுட்பத்தைக் கொண்டு ரேடியோ வால்வுகள் செய்தது. இவர் சிறுவனாகத் தொழில் பழகிய ரேடியோக் கடையிலும், பிறகு பழுது பார்த்த மைக் செட்டுகளிலும் ஓடியவை அவை. "வெளிநாட்டுப் பேரு கேக்குறவங்க இதைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்க. மீட்டர்ல வச்சா தெரியும்" என்று ஓர் இஎல்84ஐ எடுத்துக் காட்டினார்.

வெளிநாட்டுப் பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். கண்ணாடியில் அச்சிட்ட எழுத்தைத் துடைத்துவிட்டு வேறு பெயர் அச்சிடுவது எளிது. அதனால் அவர் அச்சை நம்புவதில்லை. டெலிஃபுங்கன் தன் ஆலையில் செய்த ஒன்பது கால் வால்வுகளில் கால்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைர வடிவம் வார்த்திருக்கும். முல்லார்டின் பிளாக்பர்ன் ஆலையில் செய்தவற்றில், கண்ணாடியின் அடியில் மங்கலாகப் பொறித்த குறியீட்டில் ஆலையைச் சுட்டும் 'பி' எழுத்து இருக்கும். லென்ஸை வைத்து இவற்றைத் தேடிக் காட்டினார். புது வால்வு பெரிய அளவில் செய்யும் ஆலைகள் இன்று ரஷ்யாவின் சராதோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். 2022இல் ரஷ்யாவிலிருந்து ஏற்றுமதி தடைபட்டபோது இந்தச் சந்துவரை அதன் அதிர்வு வந்தது என்றார் இளைஞர்.

கடைசியில் காதுக்கு முறை வந்தது. சோதனையில் தேறிய இரண்டு இசிசி82களை மாற்றி மாற்றிக் கேட்க ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு முறையும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, வெளியீட்டை மீட்டரில் அளந்து, இரண்டும் ஒரே அளவில் இருக்கும்படி வால்யூமைத் திருத்தினார் இளைஞர். சற்றே சத்தமாக ஒலிப்பதை நம் காது நல்லது என்று எண்ணிவிடும். அளவைச் சமமாக்காத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. நாகஸ்வரப் பதிவு ஒன்றைக் கேட்டேன். வேறுபாடு மிகச் சிறியது. ஒன்றில் சீவாளியின் காற்றொலி சற்றுக் கூர்மையாகக் கேட்டதாகத் தோன்றியது. நான் தேர்ந்தது பெயர் அழிந்துபோன வால்வை. பெரியவர் அதற்கு வியக்கவில்லை. ஓம்ஸ், பெருக்கம், ஃபிலமென்ட், சோதனை என்ற நான்கு வாசல்களைத் தாண்டி வந்தவை எல்லாமே நன்றாகத்தான் ஒலிக்கும் என்பது அவர் அனுபவம்.

இந்தப் பட்டறையின் சங்கடம் வேறு. ஒரு வால்வுக்குப் பல ஆயிரம் ரூபாய் தயங்காமல் கொடுக்கிறவர்கள், அதைச் சோதித்துத் தரச் சில நூறு ரூபாய் கேட்டால் பேரம் பேசுகிறார்கள். கண்ணாடிக்கு விலை இருக்கிறது, அதை அறியும் கைக்கு இல்லை. பெரியவரின் கூலியிலிருந்துதான் இளைஞரின் சம்பளம் வர வேண்டும். அது வராவிட்டால் அவர் கீழே இறங்கி ஏதாவது ஒரு செல்போன் கடையில் சேர்ந்துவிடுவார். அப்போது அந்த நோட்டைத் தொடர்ந்து எழுத ஆள் இருக்காது.

உங்களிடம் வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அடுத்த வால்வை வாங்குவதற்கு முன் சர்க்யூட் படத்தையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் இப்படி ஒருவரைத் தேடிப் போங்கள். அவர் சோதித்துச் சொல்வதற்குக் கேட்கும் கூலியைப் பேசாமல் கொடுங்கள். பல நேரங்களில், இருக்கிற வால்வே போதும், காசைச் செலவழிக்காதே என்று அவர் சொல்லி அனுப்புவார். வியாபாரத்தை இழந்தும் அப்படிச் சொல்கிற அறிவுக்கு நாம் கொடுக்கும் கூலி அதிகமே இல்லை.